சாய்ந்து நின்ற பனி

ஹில்லெவி ஆணியின் தலையில் கடைசி அடியை வைத்துவிட்டுச் சுத்தியலை இறக்கியபோதுதான் டோர்கெல் பலகையை நோக்கிக் குனிந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். மறுபடியும் மூக்குக்கு இறக்கினார்.

"ஹில்லெவி, இந்தப் பனி சாய்ஞ்சிருக்கே?"

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். வெளியே பிப்ரவரிப் பனி வழக்கம்போல மல்லாந்துதான் கிடந்தது.

அவர் சொன்னது அந்தப் பனியை இல்லை. நூலகத்து நடையில் மரப்பலகையில் ஆணி குத்தித் தொங்கிக்கொண்டிருந்த ஆய்வேட்டுக்குள் இருந்த பனியை. வடக்கு ஸ்வீடனில் ஆய்வேடு எழுதி முடித்தவர் அதை இப்படி ஊரறிய ஆணியடித்து மாட்ட வேண்டும். மாட்டிவிட்டால் அது ஊருக்குச் சொந்தம், பிறகு அதில் கை வைக்கக் கூடாது. மூன்று வாரம் கழித்து எதிர்வாதி என்று வெளியூரிலிருந்து ஒருவர் வந்து, சபை நடுவே அதைக் கிழிகிழி என்று கிழிப்பார். தாங்கி நின்றால் முனைவர் பட்டம்.

ஹில்லெவிக்கு அந்தப் பட்டம் உடனே வேண்டும். வடகோடித் தீவு ஒன்றில் பனி ஆய்வு நிலையத்தில் அவளுக்கு வேலை காத்திருந்தது, பட்டம் கையில் இருந்தால் மட்டும். புருஷன் ரூரிக் நகராட்சியில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன். அவன் ராஜினாமாவும் கொடுத்து, வாடகை வீட்டையும் காலி செய்வதாக எழுதிக் கொடுத்துவிட்டான். அவசரக்குடுக்கை. ஆனால் அன்பானவன்.

"சாய்ஞ்சா என்ன? படிக்க முடியுதுல்ல?" என்றான் ரூரிக், கிரீம் பிதுங்கும் செம்லா பன்னைக் கடித்தபடி.

டோர்கெல் கண்ணை மூடிக்கொண்டார். ஹில்லெவியின் நெறியாளர் அவர்தான். உயரமான மனிதர், எப்போதும் சட்டையின் கடைசிப் பொத்தான் வரை போட்டிருப்பார். சமன்பாடு எப்படித் தோற்றமளிக்க வேண்டும் என்பதில் அவரை மிஞ்ச அந்தப் பல்கலைக்கழகத்தில் ஆள் இல்லை.

"ரூரிக், சாய்ஞ்ச எழுத்து ஒரு அளவு. நிமிர்ந்த எழுத்து ஒரு பேர். இங்க பாரு, இந்த T வெப்பநிலை. அது கூடும், குறையும், அதனால அது சாய்ஞ்சு நிக்கலாம். அது காலடியில பொடி எழுத்துல 'பனி'ன்னு ஒரு கீழொட்டு இருக்குல்ல, அது எதோட வெப்பநிலைன்னு சொல்ற பேர். பேர் நிமிர்ந்துதான் நிக்கணும். அதையும் சாய்ச்சுட்டா என்ன ஆகும் தெரியுமா? அதுல இருக்கிற ஒவ்வொரு எழுத்தும் ஒரு தனி அளவு. ஒண்ணை ஒண்ணால பெருக்கணும்."

"பனியைப் பெருக்கித் தள்ளறதுதானே என் பொழைப்பு" என்றான் ரூரிக்.

யாரோ சிரித்தார்கள். டோர்கெல் சிரிக்கவில்லை.

"வேற யாராவது எதிர்வாதின்னா பரவாயில்ல. வர்றது எய்லிஃப்."

சொல்லிவிட்டு அவர் தன் கதையை ஆரம்பித்தார். ஹில்லெவி அதை மனப்பாடமாகவே வைத்திருந்தாள். இருபது வருஷத்துக்கு முன்னால் டோர்கெல் தெற்கே ஒரு கல்லூரியில் படித்தபோது, அவருடைய ஆய்வேட்டுக்கும் நார்வேயிலிருந்து இதே எய்லிஃப்தான் எதிர்வாதியாக வந்தாராம். முதல் கேள்வியே கீழொட்டு. இது ஏன் சாய்ந்திருக்கிறது, அது ஏன் நிமிர்ந்திருக்கிறது, இங்கே ஏன் ஒரு இடைவெளி.

"ரெண்டு மணி நேரம். வேற ஒரு கேள்வி கிடையாது. கடைசியில கையைக் குலுக்கி, 'நல்லா தாங்கிட்டே'ன்னார். அந்த மாதிரி ஒரு தேர்வை இந்த நாட்டுல யாரும் பார்த்திருக்க மாட்டாங்க."

அன்றிலிருந்து டோர்கெலின் மாணவர்கள் யாரும் சாய்ந்த கீழொட்டு போட்டதில்லை. ஹில்லெவியும் போட்டவளில்லை. போன மாதம் பல்கலைக்கழகம் ஆய்வேட்டின் அச்சு வடிவத்தைப் புதிதாக மாற்றியது. அந்தப் புது வடிவம் யாரையும் கேட்காமல் சமன்பாட்டுக்குள் இருந்த சொல்லையெல்லாம் சாய்த்துவிட்டிருந்தது.

"இது ஒரு பிரதிதானே? மிச்சம் நாளைக்குத்தானே அச்சுக்குப் போகுது?" என்று கேட்டார் டோர்கெல்.

"ஆமா. ஆனா ஆணியடிச்சாச்சே. இனிமே மாத்தக் கூடாதில்லையா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "நிமிர்த்தறது மாத்தறது ஆகாது" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில்தான் எல்லா வினையும் தொடங்கியது.

வீட்டுக்கு வந்ததும் ஹில்லெவி கணினி முன் உட்கார்ந்தாள். கூரைமேல் கிடக்கும் பனி வீட்டின் சூட்டை எப்படிக் காக்கிறது என்பது அவள் ஆய்வு. ஆகவே புத்தகத்தில் பனி இல்லாத பக்கமே இல்லை. ஒவ்வொன்றாக நிமிர்த்தினால் விடிந்துவிடும்.

"எல்லாத்தையும் மொத்தமா மாத்தச் சொல்லிட வேண்டியதுதானே? அதுக்குத்தானே கம்ப்யூட்டர்?" என்றான் ரூரிக்.

நல்ல யோசனையாகத்தான் பட்டது. பனி என்ற சொல் எங்கே இருந்தாலும் அதைப் பொடியாக்கி, கீழே இறக்கி, நிமிர்த்தி வை என்று ஒரு கட்டளை போட்டாள். முதல் சமன்பாட்டைத் திறந்து பார்த்தாள். பனி சிப்பாய் மாதிரி விறைப்பாக நின்றது. இன்னொன்றைப் பார்த்தாள். அதுவும் நின்றது. மனசு குளிர்ந்து, அச்சகத்துக்கு அனுப்பிவிட்டாள். அனுப்பிவிட்டு ஃபோனும் பண்ணினாள்.

"அனுப்பினபடியே அச்சடிச்சிடுவீங்கதானே?"

அச்சகத்துக்காரர் 'ஷுப்' என்று மூச்சை உள்ளே இழுத்தார். வடக்கில் அதற்கு 'ஆமாம், கவலைப்படாதே' என்று அர்த்தம். சொன்னபடியே செய்தார், பாவம். அனுப்பினபடியே அச்சடித்தார்.

பெட்டிகள் வந்தன. ரூரிக் ஒரு பிரதியை எடுத்து, எல்லாரும் படிக்கும் அந்த ஒரே பக்கத்தைத் திறந்தான், நன்றியுரையை. படித்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"ஹில்லெவி, எங்கம்மாவுக்கு என்ன ஆச்சு?"

அவன் அம்மா பெயர் மாய்பிரித் ஸ்னோபூம். இரண்டு குளிர்காலம் தன் வீட்டுக் கூரையை அளவுக்கருவி பொருத்த விட்டுக்கொடுத்த புண்ணியவதி. ஸ்வீடிஷில் ஸ்னோ என்றால் பனி. அந்த ஸ்னோ மட்டும் எறும்பு அளவுக்குச் சுருங்கி வரிக்குக் கீழே தொங்க, மிச்சமிருந்த 'பூம்' மேலே வெடிச் சத்தம் போலத் தனியாக நின்றது.

ஹில்லெவி பக்கங்களைப் புரட்டினாள். சமன்பாட்டில் மட்டுமா, சாதாரண வாக்கியத்தில், தலைப்பில், படத்துக்குக் கீழே, பனி எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் ஒரு படி கீழே விழுந்து கிடந்தது. 'குளிர்காலத்தில் கூரைமேல்' என்று பெரிய எழுத்தில் ஓடும் வாக்கியம் திடீரென்று தடுக்கி, பொடியாகப் பனி என்று முனகி, மறுபடி எழுந்து ஓடியது. அத்தனை பக்கத்திலும் இதே கூத்து.

"எய்லிஃபுக்கு இன்னும் போகலையே?" என்று கேட்டான் ரூரிக்.

அச்சகத்துக்கு ஃபோன் பண்ணினாள். எதிர்வாதியின் பிரதி முதல் வேலையாகத் தபாலில் போய்விட்டதா என்று கேட்டாள்.

'ஷுப்' என்றார் அவர்.

டோர்கெல் பதறவில்லை. பதறுவது அவர் பழக்கம் இல்லை. வெளுத்துப்போனார், அவ்வளவுதான்.

"பிழைதிருத்தத் தாள் ஒண்ணு போட்டுடு. ஒரே ஒரு தாள். புத்தகத்துக்குள்ள செருகிடலாம். எய்லிஃபுக்கும் ஒண்ணு தபால்ல அனுப்பிடலாம். எது சாய்ஞ்சது, எது நிமிர்ந்ததுன்னு தெளிவா எழுதினா போதும்."

ஹில்லெவி தெளிவாகத்தான் எழுதினாள். ஆணியில் தொங்கும் பிரதியில் பனி சாய்ந்திருக்கும் இடத்தில் நிமிர்த்திப் படிக்கவும், மற்றப் பிரதிகளில் சமன்பாட்டுக்கு வெளியே பனி விழுந்திருக்கும் இடத்தில் தூக்கிப் படிக்கவும். சாய்ந்த பனி ஒன்று, நிமிர்ந்த பனி ஒன்று, உதாரணத்துக்கு, பக்கத்தில் பக்கத்தில். இந்தத் தடவை மொத்தக் கட்டளை எதுவும் போடாமல், ஒவ்வொரு எழுத்தையும் கையால் தட்டி அனுப்பினாள்.

அச்சகத்துக்காரருக்கு மனசு உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. போன தடவை ஏதோ தப்பாகிவிட்டது, இந்தத் தடவையாவது அந்தப் பெண்ணுக்கு நல்லதாகச் செய்ய வேண்டும். இப்படிச் செருகும் தாளையெல்லாம் முழுக்கச் சாய்வெழுத்தில் போட்டால்தான் பார்க்க அழகு என்பது அவர் கொள்கை. போட்டுவிட்டார். கெட்டித் தாளில், ஓரத்தில் ஒரு பூவேலையோடு.

தாள் வந்தது. டோர்கெல் அதை உரக்கப் படித்தார்.

"'பனி' என்று இருக்கும் இடங்களில் 'பனி' என்று படிக்கவும்."

இரண்டும் ஒரே மாதிரி சாய்ந்து நின்றன. ஹில்லெவிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. முதலில் சிரித்தாள். நார்வேக்கும் ஒன்று போயிருக்குமே என்று ஞாபகம் வந்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"நானே எழுதறேன்" என்றார் டோர்கெல்.

அவர் எழுதிய தாள் ஒரு தாளாக இல்லை. கீழொட்டு என்றால் என்ன, அது ஏன் நிமிர வேண்டும், எந்தெந்த நாட்டில் யார் யார் அதைத் தப்பாகப் போடுகிறார்கள் என்று நீண்டு, கடைசிப் பக்கத்தின் கடைசி வரியில்தான் ஹில்லெவியின் புத்தகம் வந்தது. அதுவும் நார்வேக்குப் போனது. ஆனால் அவருக்கே அது போதவில்லை.

"எய்லிஃபுக்குப் போனது போனதுதான். மிச்சப் பிரதியெல்லாம் சபையில மத்தவங்க கையில இருக்கும். எல்லாத்தையும் பேனாவால திருத்திடு. ஒவ்வொண்ணா."

அதே நாளில் மாய்பிரித் ஃபோன் பண்ணினாள். ரூரிக் புத்தி கெட்டுப்போய் அம்மாவிடம் ஒரு பிரதியைக் கொடுத்திருந்தான்.

"ரூரிக், உன் பொண்டாட்டி என்னை வெறும் பூம் ஆக்கிட்டா."

"அம்மா, அது கம்ப்யூட்டர் பண்ணினது."

"ரெண்டு குளிர்காலம் என் தலைக்கு மேல நடந்தா. தூக்கத்துல ஏணி சத்தம். நான் ஒரு வார்த்தை சொல்லலையே. தேர்வு முடிஞ்சதும் விருந்து என் வீட்டுலதானே வைக்கணும்னீங்க? என் பேர் எல்லாப் புத்தகத்துலயும் ஒரே உயரத்துல நிக்கட்டும். அப்புறம் அடுப்பைப் பத்த வைக்கிறேன்."

ஆக ஹில்லெவி பெட்டிகளையும் பேனாவையும் தூக்கிக்கொண்டு, ஆற்றின் மேல்கரையில் இருந்த மாமியார் வீட்டுக்கே போய்ச் சமையலறை மேசையில் கடை விரித்தாள். மாய்பிரித் எதிரில் உட்கார்ந்து, ஒவ்வொரு நன்றியுரையிலும் தன் பெயர் தூக்கி நிறுத்தப்படுவதைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தாள். அது முடிந்ததும்தான் காப்பி வந்தது. பிறகு உள்ளே இருந்த பனியையெல்லாம் தூக்கும் வேலை.

இங்கேதான் ஒன்று நடந்தது. மொத்தமாகக் கட்டளை போடும்போது யாரும் எதையும் பார்ப்பதில்லை. பேனாவோடு ஒவ்வொன்றின் முன்னாலும் நின்றால், அதன் முகத்தைப் பார்த்தே ஆக வேண்டியிருக்கிறது. நீ யாரப்பா? நான் பனி. நீ? நான் கூரை. நீ? வெளிக்காற்று. ஹில்லெவிக்கு இது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. ஒவ்வொரு கீழொட்டையும் பெயர் கேட்டாள், எல்லாம் சொல்லின.

ஒன்று மட்டும் சொல்லவில்லை.

பனி வழியாகச் சூடு எவ்வளவு வேகமாகக் கடக்கிறது என்பதற்கு k என்று ஒரு எழுத்து. அதன் காலடியில் 'ஆகமொத்தம்' என்று ஒரு சொல். நிமிர்ந்துதான் நின்றது, தோற்றத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஆகமொத்தம் என்றால் எதெல்லாம் சேர்ந்து மொத்தம்? அவள் பேனாவை மூடி வைத்தாள். அந்தச் சமன்பாட்டை அவள் டோர்கெலின் பழைய ஆய்வேட்டிலிருந்து எடுத்திருந்தாள். அவர் எங்கிருந்து எடுத்தார் என்று கேட்டதில்லை.

அவருக்கு ஃபோன் பண்ணினாள்.

"டோர்கெல், அந்த 'ஆகமொத்தம்' இருக்கே, அதுக்குள்ள என்ன இருக்கு?"

"ஏன், சாய்ஞ்சிருக்கா?"

"இல்ல, நிமிர்ந்துதான் நிக்குது."

"அப்புறம் என்ன பிரச்சினை?"

ஹில்லெவி ஃபோனை வைத்துவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கோட்டை மாட்டிக்கொண்டு, கொட்டகையிலிருந்து ஏணியை இழுத்து வந்தாள்.

"மறுபடியுமா?" என்றாள் மாய்பிரித். ஆனால் வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள். "மேல என்ன தேடறே?"

"ஆகமொத்தத்தை."

"கிடைச்சா கீழ போடு, நானும் பார்க்கறேன்."

கூரையில் தொடை அளவுப் பனி. இத்தனை நாளாக அதற்குள் கம்பியைச் செருகி, கம்பி சொன்ன எண்ணை எழுதிக்கொண்டு இறங்கிவிடுவாள். இன்று மண்வாரியால் கேக் வெட்டுவது போல நேராக வெட்டி, வெட்டின முகத்தைப் பார்த்தாள். மேலே காற்று தட்டித் தட்டி இறுக்கிய ஓடு. நடுவில் பஞ்சு. அடியில், வீட்டுச் சூடு ஏறும் இடத்தில், சர்க்கரை மாதிரி உதிரும் பரல். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மூன்று சாமான். இந்த மூன்றையும் பிடித்து ஒரே பெயருக்குள் திணித்து ஒரே எண்ணைக் கொடுத்திருந்தாள்.

அப்போது ஆற்றுப் பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. அவள் கையுறையைக் கழற்றி வெட்டின இடத்தில் விரலை வைத்தாள். பஞ்சுக்குள்ளிருந்து காற்று மெல்ல வெளியே வந்துகொண்டிருந்தது. பனி மூச்சு விட்டது. காற்று நின்றதும் அதுவும் நின்றது.

அவள் அந்தக் கூரையில் மண்டியிட்டு ரொம்ப நேரம் விரலை எடுக்கவே இல்லை. பயம், தேர்வு, நார்வே எல்லாம் மறந்துபோய், குழந்தைக்கு இருக்கிற மாதிரி ஒரு சந்தோஷம் அவளுக்கு.

"கிடைச்சுதா?" என்று கீழேயிருந்து குரல் வந்தது. "எனக்குக் கை விறைக்குது."

"இல்ல மாய்பிரித். அது இல்லவே இல்லை."

"இல்லாததையா என் கூரைல ரெண்டு வருஷம் அளந்தே?"

ஹில்லெவி ஏணியில் இறங்கினாள். வீட்டுக்கு வந்து பழைய அளவுகளையெல்லாம் எடுத்து, காற்றடித்த நாள், அடிக்காத நாள் என்று பிரித்துப் பார்க்க ஆரம்பித்தாள். டோர்கெல் கூப்பிட்டு, பேனாத் திருத்தம் எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்டபோது, நடக்கிறது என்றாள். நடக்கவில்லை. பாதிப் பிரதிகளில் பனி விழுந்தபடியேதான் தேர்வு நாளும் வந்தது.

சபை நிறைந்திருந்தது. முதல் வரிசையில் டோர்கெல், மடியில் சமன்பாடு எழுதும் விதிப்புத்தகம், அதில் நாலைந்து இடத்தில் அடையாளச் சீட்டு. கீழொட்டுக் கேள்வி எந்தப் பக்கமிருந்து வந்தாலும் எழுந்து தடுக்கத் தயாராக இருந்தார். பக்கத்தில் மாய்பிரித், தன் பெயர் உள்ள பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு. கடைசி வரிசையில், ஸ்வெட்டர் பின்னிக்கொண்டு ஒரு வயதான அம்மாள். எய்லிஃபின் மனைவி குட்னி. பல் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவள், புருஷனோடு ரயிலில் ஊர் பார்க்க வந்திருந்தாள்.

எய்லிஃப் மெதுவாக எழுந்தார். பெரிய கை, சின்னக் குரல். ஆய்வேட்டைத் திறந்தார். அதற்குள்ளிருந்து பூவேலை போட்ட தாள் நழுவி விழுந்தது. அதன்பின் டோர்கெலின் தாள்கள் ஒவ்வொன்றாக விழுந்து தரையில் பரவின. எய்லிஃப் குனிந்து எல்லாவற்றையும் பொறுக்கி, தட்டி ஒழுங்குபடுத்தி, மேசை ஓரத்தில் வைத்தார்.

"புத்தகம் முழுக்கப் பனி விழுந்திருக்கு" என்றார். "பொருத்தம்தான்."

இதோ வருகிறது என்று ஹில்லெவி நினைத்தாள்.

"எனக்கு ஒரு சந்தேகம். இந்த k காலடியில 'ஆகமொத்தம்'னு ஒரு சொல் இருக்கு. அது எதை மறைக்குது?"

டோர்கெல் விதிப்புத்தகத்தைத் திறந்துவிட்டார். ஹில்லெவி வாயைத் திறந்தாள். பொய் வரவில்லை.

"எனக்குத் தெரியாததை."

"எவ்வளவு தெரியாததை?"

"காத்தடிக்காத நாள்ல கொஞ்சம். காத்தடிச்சா நிறைய."

எய்லிஃப் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "சொல்லு" என்றார்.

அதன்பின் அவர் அவளை விடவே இல்லை. காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது, ஓடு எவ்வளவு கனம், பரல் உதிர்ந்தால் சூடு என்ன ஆகும், வேறு கூரையில் இது நடக்குமா, நடக்காது என்று எப்படிச் சொல்கிறாய். அவள் சிலவற்றுக்குப் பதில் சொன்னாள், சிலவற்றில் திணறினாள், ஒன்றில் தப்பாகச் சொல்லிவிட்டுத் தானே திரும்பி வந்து திருத்தினாள். கரும்பலகை நிறைந்தது, அழித்தாள், மறுபடி நிறைந்தது. அவசரத்தில் அவள் எழுதிய கீழொட்டுகள் எல்லாம் கண்டபடி சாய்ந்து கிடந்தன. டோர்கெல் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். எய்லிஃப் கண்டுகொள்ளவில்லை. இரண்டு மணி நேரம் போனது யாருக்கும் தெரியவில்லை.

தீர்ப்புக் குழு கதவைச் சாத்திக்கொண்டு கூடியது. நடையில் காத்திருந்த நேரம் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. ரூரிக் அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான், அவன் கை இவள் கையைவிட ஈரமாக இருந்தது. கதவு திறந்தது. குழுத் தலைவர், தேர்ச்சி என்றார்.

"பாஸா?" என்று ரூரிக் மறுபடி கேட்டான்.

மாய்பிரித் அவனைப் பார்த்து 'ஷுப்' என்று மூச்சை இழுத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

விருந்து சொன்னபடி மாய்பிரித்தின் வீட்டில் நடந்தது. கலைமான் இறைச்சிக் குழம்பு, உருளைக்கிழங்கு மசியல், பச்சை நிறத்தில் ஒரு பெரிய கேக். எய்லிஃப் வந்ததும் வராததுமாக ஏணி எங்கே என்று கேட்டு, கோட்டைக்கூடக் கழற்றாமல் கூரைக்கு ஏறிவிட்டார். தலைக்கு மேல் அவர் நடக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மாய்பிரித் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, குழம்பைப் பரிமாறினாள்.

டோர்கெல் மட்டும் கொஞ்சம் சோர்ந்திருந்தார். கேக் தட்டோடு அடுப்பு ஓரத்தில் நின்று ரூரிக்கிடம் புலம்பிக்கொண்டிருந்தார்.

"வயசாயிடுச்சு அவருக்கு. அந்தப் பழைய கூர்மை இல்ல. பலகை பூரா சாய்ஞ்சு கிடக்குது, ஒரு வார்த்தை கேக்கலையே. என்னை எப்படிப் பிழிஞ்சார் தெரியுமா? ரெண்டு மணி நேரம்..."

"தெரியும், தெரியும்" என்றான் ரூரிக்.

ஹில்லெவிக்கும் அதே கேள்விதான் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது. மூன்று வாரம் அதற்காக உயிரை விட்டிருக்கிறாள், கேட்காமல் எப்படி இருப்பது. அந்தப் பக்கமாகக் காப்பிக் கோப்பையோடு வந்த குட்னியைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"குட்னி, ஒண்ணு கேக்கணும். உங்க வீட்டுக்காரர் கீழொட்டுன்னா விட மாட்டார்னு சொல்லிச் சொல்லியே எங்களைப் பயமுறுத்தி வச்சிருந்தாங்க. என் புத்தகத்துல அது அத்தனையும் தாறுமாறு. அது சாய்ஞ்சதைப் பத்தி அவர் ஏன் ஒரு கேள்விகூடக் கேக்கல?"

டோர்கெல் கேக்கை வாய் வரை கொண்டுபோனவர் நிறுத்தி, காதை இந்தப் பக்கம் திருப்பினார். குட்னிக்கு அவரைத் தெரியாது. அவள் காப்பியை ஒரு மிடறு குடித்துவிட்டுச் சிரித்தாள்.

"அதுவாம்மா? புத்தகத்துல கேக்கறதுக்கு வேற ஒண்ணுமே இல்லேன்னாதான் அவர் அந்தப் பொடி எழுத்தைக் கேப்பார். இத்தனை வருஷத்துல முழு ரெண்டு மணி நேரத்தையும் அதை வச்சே ஓட்டினது ஒரே ஒரு பையனுக்குத்தான், 'பாவம் குட்னி, வேற எதைக் கேட்டிருந்தாலும் அவன் தேறியிருக்க மாட்டான்'னு வீட்டுக்கு வந்து சொன்னார்."